நீளாத நூல், நீளும் துணி

வேட்டியும் பருத்தி, பனியனும் பருத்தி. வேட்டியை அகலவாட்டில் பிடித்து இழுத்தால் கைதான் வலிக்கும், துணி அசையாது. பனியனைக் கைக்குழந்தை பற்றி இழுத்தால்கூட விரிந்து கொடுக்கும், விட்டதும் பழையபடி வந்து நிற்கும். இரண்டிலிருந்தும் ஒவ்வோர் இழையை உருவி இழுத்துப் பார்த்தால் இரண்டுமே நீளாது. அப்படியானால் பனியனுக்கு அந்த நெகிழ்வு எங்கிருந்து வந்தது?

இதே புதிர் இன்னொரு வேடத்தில் மாதேஸ்வரன் மலைப் பக்கம் தென்படும். மேட்டூர், பாலாறு வழியாக மலைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பக்தர்கள், திரும்பாமல் மறுபக்கம் கொள்ளேகால் சாலையில் இறங்கினால் வழியில் வருவது கௌதள்ளி. இந்த வட்டாரத்தில் குளிருக்குப் போர்த்த இரண்டு வகைத் துணி உண்டு. ஒன்று கம்பளி. கர்நாடகத்தின் குருபர்கள் ஆட்டு மயிரை நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றி, குழித்தறியில் நெய்யும் கறுப்புப் போர்வை. மற்றொன்று ஸ்வெட்டர். கௌதள்ளி இருக்கும் அதே ஹனூர் வட்டத்தில், ஒடெயர்பாளையாவில், 1970களில் திபெத்திய அகதிகளுக்காக உருவான தோண்டென்லிங் குடியிருப்பு இருக்கிறது. அங்கே முக்கியமான பயிர் மக்காச்சோளம். அறுவடை முடிந்து குளிர்காலம் வந்ததும் நகரம் நகரமாகப் போய் ஸ்வெட்டர் விற்பது தென்னிந்தியத் திபெத்தியக் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு. சரக்கில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து மொத்தமாக வருவது. அவர்களே உட்கார்ந்து பின்னியது என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கம்பளி விறைப்பாக நிற்கும், மழையைக்கூட ஓரளவு தாங்கும், ஆனால் கழுத்தில் பட்டால் குத்தும். ஸ்வெட்டர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இந்த வேறுபாட்டில் மயிரின் பங்கு எவ்வளவு, பின்னிய விதத்தின் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்க, இரண்டுமே எல்லைக்குப் போகும் ஒரு பொருள் வேண்டும். அல்பாக்கா என்ற தென்னமெரிக்கப் பிராணியின் மயிர் கலந்த மென்மையான நூலில், கயிறு கயிறாகப் புடைத்து நிற்கும் வேலைப்பாட்டோடு கையால் பின்னிய மஃப்ளர் அதற்குச் சரியாக இருக்கும்.

கண்ணிக்குள் கண்ணி

நெய்த துணியில் பாவு நூல் நீளவாட்டில் நேராக ஓடும், ஊடை நூல் அதைக் குறுக்கே ஏறி இறங்கிக் கடக்கும். இரண்டுமே ஏறக்குறைய விறைத்து நிற்பவை. இழுத்தால் விட்டுக்கொடுக்க உபரி நூல் அங்கே இல்லை. அதே வேட்டியை மூலைவாட்டில் இழுத்தால் கொஞ்சம் நெகிழும். அப்போது நூல் நீளவில்லை, கட்டம்தான் சாய்கிறது.

பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து வளையமாகி, கீழ் வரிசையில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அடுத்த வரிசையில் அந்த வளையத்துக்குள் இன்னொன்று. இந்த வளையத்தைக் கண்ணி என்று சொல்லலாம். அரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணியை அவிழ்த்து நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நூல் இருக்கும். அகலத்தைப்போல் மூன்று மடங்கு நூல் அந்த வளைவுக்குள் சுருண்டு கிடக்கிறது. துணியை இழுத்தால் கண்ணியின் இரண்டு கால்களும் படுத்து, வளைவு தட்டையாகி, அகலம் கூடும். உயரம் குறையும். பனியனை அகலத்தில் இழுக்கும்போது அது குட்டையாவதைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். விட்டதும், வளைத்து வைக்கப்பட்ட நூல் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது. கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உள்ள உராய்வு அதைக் கொஞ்சம் தடுக்கிறது. பழைய பனியன் தொளதொளப்பதற்கும், புதுப் பனியன் கச்சிதமாகத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த இழுபறிதான்.

கண்ணிக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முன்பக்கம் தெரியும்படி பின்னுவது நேர்க்கண்ணி, பின்பக்கம் தெரியும்படி பின்னுவது புறக்கண்ணி. பின்னுகிறவர்கள் நிட், பர்ல் என்பார்கள். எத்தனை சிக்கலான ஸ்வெட்டரானாலும் அதன் அடிப்படை இந்த இரண்டுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலாளர் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு இதை ஆய்வுக்கூடத்தில் இழுத்தே பார்த்தது. நேரும் புறமும் வரும் வரிசை மட்டும் மாறுகிற நான்கு வகைப் பின்னல்களை எடுத்துக்கொண்டு, அவை எவ்வளவு நெகிழ்கின்றன என்று அளந்து 2024-இல் வெளியிட்டார்கள். நூலை மாற்றாமல், கண்ணிகளின் வரிசையை மாற்றியே துணியின் விறைப்பை மாற்றிவிடலாம் என்பது அதிலிருந்து தெரிந்தது. ஸ்வெட்டரின் கைமுனையில் நேரும் புறமுமாக மாறி மாறி வரும் கோடுகள் மணிக்கட்டைக் கவ்விப் பிடிப்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

வடம் ஏறும் வரிசை

மஃப்ளரில் கயிறுபோலப் புடைத்து முறுக்கிக்கொண்டு ஏறும் வேலைப்பாட்டை ஆங்கிலப் பெயரில் கேபிள் என்கிறார்கள். தேர்வடத்தை அறிந்த நமக்கு வடப் பின்னல் என்ற பெயர் பொருந்தும். முதல்முறை பார்க்கிறவர்கள், கயிற்றைத் தனியாகத் திரித்து மேலே தைத்திருப்பதாகத்தான் நினைப்பார்கள். அங்கே தைப்பதும் இல்லை, முடிச்சும் இல்லை. வரிசையில் நிற்கும் கண்ணிகள் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவே.

ஆறு கண்ணி வடத்தை எடுத்துக்கொள்வோம். இடக்கை ஊசியில் ஆறு நேர்க்கண்ணிகள் காத்திருக்கின்றன. முதல் மூன்றையும் பின்னாமல், இரண்டு முனையும் திறந்த குட்டை ஊசி ஒன்றுக்கு மாற்றித் துணிக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். குட்டை ஊசி கையில் இல்லாவிட்டால் ஊக்கோ பல்குத்தும் குச்சியோ போதும். பிறகு நான்காவது, ஐந்தாவது, ஆறாவது கண்ணிகளை முதலில் பின்ன வேண்டும். கடைசியாக, தொங்கிக்கொண்டிருக்கும் மூன்றையும் பின்ன வேண்டும். இப்போது அந்த மூன்று கண்ணிகள் மற்ற மூன்றின் மேலேறி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். முன்னால் தொங்கவிடாமல் பின்னால் தொங்கவிட்டால் சாய்வு வலப்பக்கம். அடுத்த ஏழு வரிசைகள் சாதாரணமாகப் போகும், எட்டாவதில் மறுபடி இடமாற்றம். வடம் ஏறத் தொடங்கிவிடும்.

இடம் மாறும் அந்த வரிசையை விரலால் தடவினால் இரண்டு விஷயம் தெரியும். அங்கே துணி இரண்டு அடுக்கு. கூடவே, குறுக்கே இழுபட்ட கண்ணிகள் மற்றவற்றைவிட நீண்டிருக்கும். மூன்று கண்ணி அகலத்தைச் சாய்வாகத் தாண்ட அவற்றுக்கு அதிக நூல் வேண்டும். ஒரே நூல்தான் என்பதால் பக்கத்துக் கண்ணிகளிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். வடத்தின் ஓரத்தில் சில சமயம் ஓட்டை விழுந்ததுபோல ஒரு தொளதொளப்பு தெரிவது இந்தப் பிடுங்கலின் தடயம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 20 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளத்தில் மஃப்ளர் வேண்டும். நூலும் ஊசியும் சேர்ந்து 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 28 வரிசை தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வடமே இல்லாமல் வழவழவென்று பின்னினால் வரிசைக்கு 40 கண்ணி, மொத்தம் 420 வரிசை. ஆக 16,800 கண்ணிகள். கண்ணிக்கு ஒன்றரை செ.மீ. என்றால் சுமார் 250 மீட்டர் நூல்.

இதே மஃப்ளரில் ஆறு வடங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் கதை மாறும். வடத்துக்கு ஆறாக 36 கண்ணி. வடங்களுக்கு இடையிலும் இரு கரையிலும் இரண்டிரண்டாக ஏழு புறக்கண்ணிப் பட்டைகள், அவை 14. விளிம்பு சுருளாமல் இருக்கப் பக்கத்துக்கு மூன்றாக 6. கூட்டினால் 56 கண்ணி. தட்டையாகப் பின்னியிருந்தால் இது 28 செ.மீ. அகலம் வந்திருக்கும். ஆனால் மூன்று கண்ணிகள் மூன்றின் மேல் ஏறி அமர்வதால், தட்டையில் 3 செ.மீ. இருக்க வேண்டிய ஒவ்வொரு வடமும் குறுகி சராசரியாக 2 செ.மீ.க்கு வந்துவிடும். ஆறு வடத்தில் 6 செ.மீ. போயிற்று. புறக்கண்ணிப் பட்டைகள் பின்னோக்கி உள்வாங்கும், அதில் இன்னும் 2 செ.மீ. போனால் மீதி 20. கண்ணிகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை: 420 வரிசைக்கு 23,520. நூல் 350 மீட்டர். பின்னுகிறவரின் கை இறுக்கத்தைப் பொறுத்து இது முன்னே பின்னே போகலாம், ஆனாலும் வழவழ மஃப்ளருக்கு வாங்கும் நூலை நம்பி வடத்தில் இறங்கியவர் பாதியில் கடைக்கு ஓடவேண்டி வரும் என்பதில் மாற்றமில்லை.

கூடுதலாகப் போன அந்த 100 மீட்டர் வீணாகவில்லை. அகலத்தில் தொலைந்தது தடிமனாகச் சேர்ந்திருக்கிறது. உள்வாங்கிய பட்டைகள் பள்ளமாகவும் வடங்கள் மேடாகவும் நிற்கின்றன. குளிரைத் தடுப்பதில் மயிரைவிடப் பெரிய வேலையைச் செய்வது அசையாமல் நிற்கும் காற்று. மயிரிழை காற்றைவிடப் பல மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அந்தக் காற்று ஓடிவிடாமல் பிடித்து வைப்பதுதான் துணியின் வேலை, மேடும் பள்ளமும் அதற்கு உதவுகின்றன.

வடப் பின்னல் என்றதும் எல்லோரும் சொல்லும் ஊர் அயர்லாந்தின் ஆரன் தீவுகள். ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் தனி வடிவம் உண்டு, கடலில் இறந்தவரை ஸ்வெட்டரை வைத்தே அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை உலகமெல்லாம் உலவுகிறது. ஜே.எம். சிங் எழுதி 1904-இல் அரங்கேறிய ஒரு நாடகத்தில், இறந்தவனின் காலுறையில் நழுவிய கண்ணிகளை வைத்துச் சகோதரி அவனை அடையாளம் காண்கிறாள். அதுதான் ஊதிப் பெருகிக் குலச்சின்னமாகிவிட்டது. இன்று நாம் பார்க்கும் வட வேலைப்பாட்டு ஆரன் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்பது ஆய்வாளர்கள் முடிவு. கதை ஸ்வெட்டர் விற்க உதவுகிறது, அதனால் சாக மறுக்கிறது.

கம்பளி ஏன் குத்துகிறது

வடிவத்தின் பங்கைப் பார்த்தாயிற்று. இனி மயிர். கம்பளி குத்துவதை ஒவ்வாமை என்று சொல்கிறவர்கள் நிறைய. 1980களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் வேறு விடை தந்தன. துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் முனைகள் தோலில் ஊன்றும்போது, வலியை உணர்த்தும் நரம்பு முனைகளை அவை தூண்டுகின்றன. அழுத்தத்தில் மயிர் வளைந்துவிட்டால் தோலுக்கு ஒன்றும் தெரியாது. வளையாமல் நின்றால் குத்தும். தென்னங்கீற்றின் ஈர்க்கை நுனிப் பக்கமாகக் கையில் அழுத்தினால் வளைந்துகொடுக்கும், அடிப்பக்கத்தைத் துண்டாக்கி அழுத்தினால் தோலில் பதியும்.

இந்த வளைவில் பருமன் செய்யும் ஆட்டம் வியப்பானது. மயிர் இரு மடங்கு பருத்தால் விறைப்பு இரு மடங்கு கூடாது, 16 மடங்கு கூடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு மைக்ரான். மனிதத் தலைமுடி பலருக்கு 70 மைக்ரானை ஒட்டி இருக்கும். ஆட்டு மயிரில் 30 மைக்ரானுக்கு மேல் பருத்த இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் பெரும்பாலானவர்களுக்குக் குத்தல் தெரியத் தொடங்கும். கம்பளிக்குப் பயன்படும் தக்காண ஆட்டின் மயிர் சராசரியே 50 மைக்ரானை நெருங்குகிறது. போர்வையாகவும் விரிப்பாகவும் அது உழைக்கும் உழைப்புக்கு அந்தப் பருமன்தான் காரணம், கழுத்துக்கு அது ஆகாததற்கும் அதுவே காரணம்.

தெற்கே மென்மயிர் ஆடே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியாவின் மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானது நீலகிரி ஆடு. அதன் மயிர் 27 மைக்ரான் அளவில் இருக்கும். உதகை அருகே சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையம் உண்டு. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 27 என்பது சராசரி என்பதை மறக்கக்கூடாது. சராசரி 27 என்றால் 30-ஐத் தாண்டும் இழைகளும் அதில் கணிசமாக இருக்கும். சட்டைக்கு மேலே போடும் ஸ்வெட்டருக்கு அது தாராளமாகப் போதும், வெறும் கழுத்தைச் சுற்றும் மஃப்ளருக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆண்டீஸ் மலையிலிருந்து

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்துப் பிராணி. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில், பெரும்பாலும் பெருவில் வளர்க்கப்படுவது. அதன் மூதாதை விகுன்யா என்ற சிறிய காட்டு விலங்கு என்பது 2001-இல் மரபணு ஆய்வால் உறுதிப்பட்டது. தெற்குப் பெருவில் எல் யரால் என்ற இடத்தில் பாலைவன மணலில் காய்ந்து பதப்பட்ட, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையான அல்பாக்கா உடல்கள் கிடைத்தன. அவற்றின் மயிர் இன்றைய அல்பாக்காவின் மயிரைவிட மெல்லியதாகவும் சீரானதாகவும் இருந்தது. ஸ்பானியர் படையெடுப்புக்குப் பின் மந்தைகள் அழிந்ததிலும், லாமாவோடு கலந்ததிலும் அந்த மென்மை குறைந்துபோயிற்று.

கடையில் பேபி அல்பாக்கா என்று எழுதியிருப்பது குட்டியின் மயிர் என்று பொருள்படாது. அது ஒரு தரப் பெயர், சராசரி 22 மைக்ரான் சுற்றி இருக்கும். கம்பளி மயிரோடு ஒப்பிட்டால் பருமன் பாதிக்கும் குறைவு, விறைப்போ ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கு. ஆட்டு மயிரின் மேற்பரப்பில் மீன் செதில்போல் அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு. அல்பாக்காவில் அந்தச் செதில்களின் உயரம் பாதியளவே, எனவே வழவழப்பு கூடுதல். இழைகள் பலவற்றின் நடுவில் காற்றுப் பைகள் உண்டு. ஆட்டு மயிரில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இங்கே மிகக் குறைவு.

குறை என்னவென்றால் சுருள் குறைவு. மெரினோ ஆட்டு மயிருக்கு இயற்கையிலேயே நெளிவு உண்டு. இழையின் ஒரு பாதியும் மறுபாதியும் வேறுவேறு வகை உயிரணுக்களால் ஆனதால் அது தானாகவே நெளிந்து வளர்கிறது. இழுத்துவிட்டால் அந்த நெளிவு பழைய நிலைக்குத் திரும்பும். அல்பாக்கா பெரும்பாலும் நேராகக் கிடக்கும், இழுத்தால் போன இடத்திலேயே நின்றுவிடும். வழவழப்பும் சேர்ந்துகொள்வதால் கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதும் குறைகிறது.

வடப் பின்னலுக்கு இது நேர் விரோதம். வடம் புடைத்து நிற்க, இடம் மாறிய கண்ணிகள் தம் வளைவை விட்டுக்கொடுக்காமல் உந்திக்கொண்டே இருக்க வேண்டும். சுத்த அல்பாக்காவில் பின்னிய வடம் ஊசியில் இருக்கும்போது அழகாக இருக்கும், ஒரு குளிர்காலம் போட்டபின் தூங்கி வழியும். மென்மை வேண்டும் என்று எடுத்த நூல், வடிவத்தைக் காப்பாற்ற முடியாமல் நிற்கும் இடம் இது. வட வேலைப்பாட்டுக்கான நூல் உறையில் அல்பாக்காவோடு ஆட்டு மயிரும் சேர்ந்திருக்கக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. ஆட்டு மயிர் திரும்பி வரும் குணத்தைத் தருகிறது, அல்பாக்கா கழுத்துக்கு இதம் தருகிறது. சிலர் ஒரு பங்கு நைலானும் சேர்ப்பார்கள், அது தேய்மானத்துக்கு.

கலப்பு புது யோசனையும் இல்லை. 1836-இல் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் வாங்குவார் இல்லாமல் கிடந்த அல்பாக்கா மூட்டைகளை டைட்டஸ் சால்ட் என்ற யார்க்ஷயர் ஆலைக்காரர் வாங்கினார். அவர் பணம் பண்ணியது பருத்திப் பாவில் அல்பாக்கா ஊடையைக் கோத்து நெய்த பளபளப்பான துணியில். அந்தப் பணத்தில் எழுந்த ஆலை 1853-இல் திறந்தது, அதைச் சுற்றி எழுந்த சால்டேர் என்ற தொழிலாளர் ஊர் இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம்.

நனைத்தால்தான் வேலை முடியும்

கடைசி வரிசை முடிந்து ஊசியிலிருந்து எடுத்த மஃப்ளர் பார்க்கச் சகிக்காது. வடங்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து, அகலம் 20-க்குக் குறைந்து, விளிம்பு அலையடித்துக் கிடக்கும். பின்னியவர்கள் அதை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைப்பார்கள். ஆட்டு மயிரும் அல்பாக்காவும் கெரட்டின் என்ற புரதம், நம் தலைமுடியும் அதேதான். அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் பலவீனமான பிணைப்புகள் சில, நீர் உள்ளே போனதும் அவிழும். உலரும்போது அந்த நேரத்தில் இழை எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். ஈரத்தலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் கண்ணாடியில் பார்ப்பதும் இதைத்தான்.

தேய்க்கவோ கசக்கவோ கூடாது, செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டித் துணி சுருங்கிக் கட்டியாகிவிடும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கும். பிறகு பாயில் பரப்பி, வடங்களுக்கு இடையே உள்ள பட்டைகளை விரலால் நீவி விரித்து, அளவுகோல் வைத்து 20 செ.மீ.க்கு இழுத்து நிழலில் உலரவிட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் 350 மீட்டர் நூலும் அது குடித்த நீரும் சேர்ந்து கீழே இழுக்கும், நீண்டு உலர்ந்த அல்பாக்கா நீண்டதாகவே இருந்துவிடும். பீரோவில் வைக்கும்போதும் ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வைப்பதுதான் நல்லது. செயற்கை இழையான அக்ரிலிக்கில் பின்னிய லூதியானா ஸ்வெட்டருக்கு இந்த நீர் வைத்தியம் பலிக்காது. அதன் கண்ணிகளைப் படியவைப்பது சூடுதான், ஆனால் இஸ்திரிப்பெட்டி ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் வடம் தட்டையாகிவிடும், பிறகு எத்தனை முறை நனைத்தாலும் எழும்பாது.